வேற சீனி

காலம்பற ஏழு மணி இருக்கும் மகள், ரெண்டு தரம் அடிச்சு நிண்டுபோய் மூணாந்தரம்தான் இவர் போனை எடுத்தார். வினாயகமூர்த்தியா கதைக்கிறீங்க எண்டு ஒரு பொம்புளப்புள்ளட குரல். மண்வெட்டி கழுவின ஈரக்கை எண்டு ஸ்பீக்கரில போட்டவர். அடுப்படியில நிண்ட எனக்கும் கேட்டது.

இருங்க, கதிரையில இருங்க. நீங்க ஆசுபத்திரி லெப்புக்கு எடுக்க வந்த மண் வயல் வட்டையிலதான் கிடக்கு, எங்கயும் ஓடாது.

என்ன சொன்னதோ? உங்கட ரத்தத்தில கிருமிட சீனி காட்டுது, உடன ஆசுபத்திரிக்கு வாங்க எண்டுதான் சொல்லியிருக்கு. எங்கட படுவான்கரையில லைன் விட்டு விட்டுத்தானே கேக்கும். எங்களுக்குச் சீனி எண்டது மட்டும் வடிவாக் கேட்டது. இவருக்குச் சிரிப்பு. ஓம் மிஸ், அது பத்து வருசமாக் காட்டுது, கிளினிக்கில குளிசையும் தாறாங்க எண்டார். அந்தப் புள்ளயும் இது வேற சீனி, வேற சீனி எண்டு சொல்லிப் பாத்துது. எந்தச் சீனியெண்டாலும் என்ட பொஞ்சாதி தரமாட்டா மிஸ் எண்டு பகிடி விட்டுட்டு வச்சுட்டார்.

முந்தின நாள்தான் காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்து, குளிசை குடுத்து அனுப்பினவங்க. காய்ச்சலும் விட்ட மாதிரிக் கிடந்தது. களவாச் சீனி போட்டுக் குடிக்கிறார் எண்டு எனக்குக் கோபம். வெறுந்தேத்தண்ணிதான் குடுத்தன். முகத்தைச் சுளிச்சுக் குடிச்சுட்டு, வயலில தண்ணி பாயிற வக்கடையக் கட்டப் போனார். மழை வெள்ளம், வரம்பு உடைஞ்சா வெள்ளாமை போயிரும். பின்னேரம் ரெண்டு பேர் தாங்கித்தான் கொண்டு வந்தாங்க, அப்பிடி நடுக்கம்.

வாட்டில டொக்டர்தான் விளங்கப்படுத்தினார். சேத்துல இருக்கிற கிருமியாம். தானே ஒரு சீனியச் செஞ்சு போர்வை மாதிரிப் போத்துக்கொள்ளுமாம். நம்மட ரத்தத்தில காவல் நிக்கிறதுகளுக்கு அதப் பிடிக்க ஏலாதாம். அந்தப் போர்வை கழண்டு ரத்தத்தில கிடந்தா நீங்க லெப்பில பிடிச்சிருவீங்களாம். தேத்தண்ணிக்குப் போடுற சீனி இல்லயா டொக்டர் எண்டு கேட்டன். இல்லம்மா, அதுக்கும் இதுக்கும் பேர் மட்டும்தான் ஒண்டு எண்டார். சீனி வருத்தக்காரரத்தான் இது கூடப் பிடிக்குமாம், அதையும் சொன்னார்.

ஏன் எழும்புறீங்க? இருங்க மகள். நீங்க படலையில நிண்டு கூப்பிடக்குள்ளயே போனில கேட்ட குரல் இதுதான் எண்டு எனக்குப் பிடிபட்டுட்டு. உங்களில பிழையில்ல. நீங்க சொன்னது சரிதான், எங்கட காதுக்குத்தான் அது வேற மாதிரி விழுந்தது. ஒண்டே ஒண்டு கேக்கிறன். இனி ஆருக்கும் போன் எடுத்தா சீனி எண்டு சொல்லாதீங்க. கிருமி எண்டு சொல்லுங்க. நெருப்பு எண்டாலும் சொல்லுங்க. ஆக்கள் ஓடி வருவாங்க.

இவரோ? அப்ப உங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்லயா. மார்கழி பத்தொன்பது, வியாழக்கிழமை, உயிர் பிரிஞ்சு மோசம் போயிட்டார்.