பூதனைக்கு ஒரு முகம்

முதலில் அந்த நேந்திரங்காய் சிப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மழை ஈரத்தில் நமத்துப்போகும். போனை மேசைமேலேயே வையுங்கள் ஸ்டெனி, பதிவாகட்டும். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. என் படத்துக்கு விருது கிடைத்த பிறகு வந்த பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் எந்தத் தூரிகை, என்ன நிறம் என்றுதான் கேட்டார்கள். நீங்கள் ஒருத்திதான் அந்த முகத்துக்குச் சொந்தக்காரி தங்கலீலாவைத் தேடிப்போய்ப் பார்த்துவிட்டு, அவளுக்கு ஏன் வேலை போனது என்று என்னிடம் வந்து கேட்கிறீர்கள். கேட்டால் சொல்வதுதானே மரியாதை.

நான் முப்பத்தொரு வருஷம் பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். பூச்சட்டியும் சூரியோதயமும் சொல்லிக்கொடுத்தே கை மரத்துவிட்டது. ஓய்வு பெற்ற மறுநாள் இந்த ஜன்னலைத் திறந்து பார்த்தேன். எதிரே தெரிகிறதல்லவா, அதுதான் தாடகை மலை. ஒரு பெண் மல்லாந்து கிடப்பதுபோல இருக்கும். அரக்கி செத்துக் கிடக்கிறாள் என்று காட்டித்தான் இங்கே பிள்ளைகளுக்குச் சோறூட்டுவார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் அழுது அசந்து படுத்திருக்கிறாள் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது. அப்படியே வரைந்தேன். அடுத்தது சூர்ப்பனகை. ஆசையை வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான் அவள் செய்தது. அவளுக்கு மூக்கைத் திருப்பிக் கொடுத்து, அதில் எட்டுக்கல் மூக்குத்தியும் போட்டுவிட்டேன். நாகர்கோவிலில் கண்காட்சிக்கு வைத்தபோது கல்லூரிப் பெண்கள் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள்.

மூன்றாவதாகப் பூதனை. கண்ணனுக்கு விஷப்பால் கொடுக்க வந்தவள். அனுப்பியவன் கம்சன், பழி இவளுக்கு. மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் அவளுக்குப் பால் சுரந்திருக்காதா? அந்த நொடியைத்தான் வரைய நினைத்தேன். நாலு முறை வரைந்தும் முகம் அமையவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஓவியர் ஒருத்தி பார்த்துவிட்டு, "கொள்ளாம் டீச்சர், நல்லாத்தான் இருக்கு, ஆனா முகத்துல ஒண்ணுமே இல்லையே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

அப்போதுதான் தங்கலீலாவை மாடலாக உட்காரச் சொன்னேன். எங்கள் ஊரில் பிரசவம் முடிந்து வரும் வீட்டில் நாற்பது நாள் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கணுக்காலில் கிடத்தி, உருக்கெண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையை உருட்டி எடுத்தாள் என்றால் பிள்ளை மூன்று மணி நேரம் தூங்கும். சொந்தமாகப் பிள்ளை கிடையாது. புருஷனும் இல்லை. இந்த வேலைதான் அவளுக்குச் சோறு, ஊர், உறவு எல்லாம். வழியில் போகிற எந்தப் பொடியனையும் நிறுத்தி, "ஏலே, ஒன் மூக்கு நான் பிடிச்ச மூக்காக்கும்" என்று சொல்லுவாள்.

அவளை வைத்து ஒரு வாரம் வரைந்தேன். பிரயோஜனமில்லை. அவள் முகத்தில் ஒரு பழியும் இல்லை. ஊரே தாங்கு தாங்கென்று தாங்கினால் எப்படி இருக்கும்? "கொஞ்சம் சங்கடமா இரியேன் லீலா" என்றால், "எனக்கென்ன டீச்சரே சங்கடம்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பழிக்கப்பட்ட பெண்ணை வரைய வேண்டுமானால் பழிக்கப்பட்ட பெண் ஒருத்தி வேண்டும். எங்கள் ஊரில் அப்படி யாரும் கைவசம் இல்லை.

அது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வருகிற காற்று தெருவில் நடக்கிறவரைத் தள்ளிக்கொண்டு போகும். ரெஜிஷா என்று என் பழைய மாணவி, தலைப்பிரசவம். பார்க்கப் போனேன். பிள்ளை சிணுங்கியது. லீலா குளிப்பாட்டிப் போன கையோடு மிளகாயும் உப்பும் சுற்றிப்போடச் சொன்னேன். வீட்டுக்குள் போட்டால் பிள்ளைக்குத் தும்மல் வரும், முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டைத் தீயில் போடு என்றும் சொன்னேன். இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா? எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார்.

ஆடிக்காற்றில் முற்றத்தில் மிளகாயைப் போட்டால் நெடி அடுத்த ஊருக்குப் போய்விடும். நெடி அடிக்காவிட்டால் பலமான கண் பட்டிருக்கிறது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியது அவர்கள்.

மறுநாள் ரெஜிஷா ஓடி வந்தாள். "டீச்சரே, ஒரு பிடி மிளகாய் போட்டும் நெடியே இல்ல. எனக்குப் பயமாட்டு இருக்கு."

"யாரு யாரு வந்தா மக்கா?"

"யாருமே வரல்ல. லீலாக்கா மட்டுந்தான்."

"சரி சரி, அத விடு. பாவம் அவ. பிள்ளை இல்லாதவ" என்றேன்.

இவ்வளவுதான் நான் பேசியது. ஒரு பொய்கூட இல்லை. இன்னும் இரண்டு வீடுகளுக்கு அதே யோசனையைச் சொன்னேன். அப்புறம் என் உதவி தேவைப்படவில்லை. மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும். வந்தது. ஐப்பசிக்குள் லீலாவை ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. ஒரு வீட்டில் அவள் சுடவைத்த வெந்நீரை அவள் கண் முன்னாலேயே கொட்டினார்கள். கடைத்தெருவில் அவளைக் கண்டதும் ஒருத்தி பிள்ளையைத் துண்டால் மூடிக்கொண்டாள். லீலா அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, இதோ நீங்கள் இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் என்னத்த செஞ்சேன் டீச்சரே? நான் தொட்டா பிள்ளைக்கி ஆவாதாம். இந்தக் கையி என்ன செஞ்சு?"

கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, இல்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "அப்படியே இரு லீலா, அசையாதே" என்றேன். நாலு நாள் வந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், கன்னத்தில் வெளிச்சம் மாறிவிடும். மதியச் சாப்பாடு போட்டேன். ஊரில் அப்போது அவளுக்கு இலை போட்டவள் நான் ஒருத்திதான். அதை அவளே உங்களிடம் சொல்லியிருப்பாளே.

படத்தின் முன்னால் நின்று பெண்கள் அழுதார்கள். விருது மேடையில், நம் தெருக்களில் இன்னும் எத்தனை பூதனைகளை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று கேட்டேன். நல்ல கைதட்டல். அனுப்பியவனைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசலாம் என்று நினைத்திருந்தேன், நேரம் இல்லை.

இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் என் மகள் அபிதாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் காலையில் லீலா வாசலில் நின்றாள். கையில் ஒரு பாட்டில். தேங்காய்ப்பால் பிழிந்து அவளே காய்ச்சிய உருக்கெண்ணெய்.

"ஒரு நாளு மதி டீச்சரே. ஒங்க பேத்திய நான் குளிப்பாட்டினேன்னு ஊரு பாக்கட்டும். பொறவு எல்லாரும் விளிப்பாவ. டீச்சரு சொன்னா இங்க மறுபேச்சு உண்டா?"

சரிதான், மறுபேச்சு கிடையாது. ஒரு நாள் போதும், எல்லாம் நேராகிவிடும். உள்ளேயிருந்து அபிதா, "அம்மா, வேண்டாம்னு சொல்லு" என்றாள். நான் அவளை அதட்டத்தான் திரும்பினேன். பிள்ளை அப்போதுதான் கொட்டாவி விட்டது. இத்தனூண்டு வாய்.

பிள்ளைக்குச் சளி என்று லீலாவிடம் சொன்னேன். எண்ணெயை மட்டும் வாங்கிக்கொண்டேன், மனசு நோகக் கூடாதல்லவா. அவள் தெருமுனை தாண்டியதும் அதைத் தென்னை மூட்டில் ஊற்றினேன்.

அப்படிப் பார்க்காதீர்கள் ஸ்டெனி. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது இந்த ஊரில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பச்சைப்பிள்ளை விஷயம். ஊரில் இத்தனை பேர் சும்மாவா சொல்வார்கள்?