நிலாவில் ஒரு வாழ்த்துரை

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு கல்லூரி மாணவர்கள்.

“ஏலே, நம்ம ஷார்ட் பிலிம்ல நிலா சீனுக்கு ஏன்டா சத்தம் வச்ச? அங்கதான் காத்தே கிடையாதே!”

“நானா வச்சேன்? பிசிக்ஸ் சார்தான், ‘அந்த எடம் சும்மாதான கெடக்கு, கரஸ்பாண்டென்ட் வாழ்த்துரையப் போட்டுரு’ன்னாரு.”

“அறிவியல் போட்டிக்கு அனுப்புற படம்டா!”

“சொன்னேனே. ‘அவரு பேசாம நம்ம காலேஜ்ல எதுய்யா நடந்துருக்கு’ன்னுட்டாரு.”

“அம்புட்டு நேரமும் அவரேவா பேசுறாரு?”

“நிலாவுல முடியல. ராக்கெட் பூமிக்குத் திரும்புற வரைக்கும் பேசுறாரு.”

ஜன்னலோரத்தவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

“காத்தில்லாத எடத்துல சத்தம் கேக்காதுன்னு ஒரு வரி எழுதிப் போட்டோமே, அதையாவது தூக்கிட்டியா?”

“இல்லடா. அவரு மூஞ்சிக்கு நேர் கீழதான் ஓடுது.”