முட்டிவலிப் புட்டி

ஆலய மண்டபத்தின் அவைத்தலைவர் ஐயா மணியம் அவர்களே, என்னைப் பேச அழைத்ததற்கு இந்நேரம் வருந்தத் தொடங்கியிருக்கும் செயலாளர் அவர்களே, விடிந்ததும் விடியாததுமாய்த் தேநீர் கொடுத்து உபசரித்த மளிகைக்கடை மீரா சாஹிப் அண்ணன் அவர்களே, சுங்கை ஊடாங் ஆலையில் இரவு வேலை முடித்துக் கண் சிவக்க வந்திருக்கும் தம்பிகளே, புக்கிட் பெருவாங்கிலிருந்து புலாவ் செபாங் வரை புறப்பட்டு வந்த பெரியோர்களே, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிச் சீவிப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு இன்று முட்டியைத் தேய்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, அனைவருக்கும் இந்த ஹரிதாஸின் பணிவான வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாக நம் வட்டாரக் கிளினிக்கில் நான் மெடிக்கல் அசிஸ்டன்ட். நீங்கள் 'டிரஸ்ஸர்' என்றே அழைப்பீர்கள், அழையுங்கள். அத்தனை ஆண்டில் நான் கற்ற கலை ஒன்றே ஒன்று. சந்தேகம். இருமினால் சந்தேகிப்பேன், இளைத்தால் சந்தேகிப்பேன், 'எனக்கு ஒண்ணும் இல்ல டிரஸ்ஸர்' என்று சிரித்தால் இரண்டு மடங்கு சந்தேகிப்பேன். அப்படிப்பட்டவன் கோட்டை விட்ட கதை ஒன்று இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளவே இந்த மேடை ஏறினேன்.

அதோ, இரண்டாம் வரிசையில் நீலப்புடவையில் இருக்கிறாரே பெரியநாயகி அம்மாள், அவருடைய கதை. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். முப்பது ஆண்டு மரம் சீவிய முட்டி, ஒரு காலத்தில் மாடிப்படியைக் கண்டாலே அழும். போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் பின்பாதியில் அந்த முட்டிவலி மாயமாய் மறைந்தது. வற்றிய கன்னம் வட்டமானது. ஊரே என்ன சொன்னது? 'அக்காவுக்கு முகம் வந்திருச்சு' என்றது. 'மருமக நல்லா ஆக்கிப் போடுறா' என்றது. நானும் சொன்னேன். நாடி பிடித்த இந்தக் கையே அவர் தோளைத் தட்டி, நல்லா இருக்கீங்கம்மா என்றது.

இனிப்புநீர், அதாவது ரத்தச் சர்க்கரை, மட்டும் ஏறியது. ரத்தக்கொதிப்பும் கூடவே ஏறியது. நான் என்ன செய்தேன்? அவரைச் சந்தேகித்தேன். 'சீனி போட்ட தே தாரிக் டீய மறைஞ்சு மறைஞ்சு குடிக்கிறீங்க' என்று கடிந்தேன். 'சத்தியமா விட்டுட்டேன் தம்பி' என்றார். நம்பவில்லை. அவர் மருமகள் பவானேஸ்வரி ஒருநாள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "அண்ணே, அத்தைக்கு வயிறும் முகமும்தான் பெருக்குது. கையும் காலும் குச்சியா போகுது. குந்தினா எந்திரிக்க முடியல. லேசா இடிச்சாலே ஊதாக் கலர்ல கன்னிப் போகுது. எனக்கு என்னமோ சரியா படலண்ணே."

ஐயா பெரியோர்களே, அந்த முதல் நான்கு வாக்கியம். நோயின் நான்கு அடையாளமும் அந்த நான்கு வாக்கியத்தில் இருந்தன. பாடப்புத்தகம் படித்த நான் அந்தப் பெண்ணிடம் என்ன சொன்னேன் தெரியுமா? 'வயசானா அப்படித்தாம்மா' என்றேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அப்படித்தான் சொன்னேன்.

போன ஆண்டு மாசி மகம் வந்தது. பால்குடம் எடுப்பதாக அம்மாள் நேர்ந்துகொண்டார். விரதம் தொடங்கினார். மீன் விட்டார், முட்டை விட்டார், வெங்காயம் விட்டார். நம் வீடுகளில் விரதத்துக்கு ஓர் அளவு உண்டா? யாரோ ஒருவர், அம்மாள் முட்டிவலிக்குத் தின்றுவந்த கேப்சூலின் கூடு மாட்டெலும்பில் செய்தது என்று சொல்லிவிட்டார். சுத்தம் கெட்டுவிடுமே என்று பதறிய அம்மாள், ஏழு மாதம் தினம் இரண்டாய்த் தின்றதை ஒரே நாளில் நிறுத்தினார். நல்ல மனத்தோடு செய்த காரியம்தான். அதுவே அவர் உயிரை உலுக்கியது.

ஒன்பதாம் நாள் கோயில் மடைப்பள்ளியில் காய் அரிந்துகொண்டிருந்தவர் சரிந்தார். உடல் வியர்த்தது, கண் செருகியது, வாய் குழறியது. சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள்? அம்மன் இறங்கிவிட்டாள் என்று மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். என்னம்மா, அங்கே முணுமுணுப்பு? "நாங்க அப்போ அப்படித்தான் நெனச்சோம் டிரஸ்ஸர்." தெரியும் தாயே, உங்களைக் குறை சொல்லவில்லை. பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பவானேஸ்வரி அன்று சந்தேகப்பட்டாள். 'சாமி வந்தா உடம்பு சூடா இருக்கும், அத்தை கை ஜில்லுனு இருக்கு' என்றாள். யார் பேச்சையும் கேட்காமல் காரில் தூக்கிப் போட்டாள். பின்னாலேயே ஒரு கூட்டம், மாமியாருக்கு மருமகள்தான் ஏதோ வைத்துவிட்டாள் என்று பேசிக்கொண்டே வந்தது. அந்தப் பேச்சு என் காதிலும் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

கிளினிக்கில் ரத்த அழுத்தம் எழுபதுக்குக் கீழே. எங்கள் டாக்டர் மரீஹாவுக்கு வயது முப்பதுதான் இருக்கும். நாங்கள் எல்லாரும் 'என்ன தின்றார், என்ன தின்றார்' என்று குடைந்துகொண்டிருந்தபோது, அவர் ஒருவர்தான் வேறு கேள்வி கேட்டார். "இந்த ஒம்பது நாள்ல எதை நிறுத்துனாங்க?"

பவானேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். அந்தக் கேப்சூல் இருந்த முட்டிவலிப் புட்டி மேசைமீது வந்து நின்றது. மூலிகை என்று முன்னால் எழுதியிருந்தது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எந்தப் பக்கமும் எழுதவில்லை. டாக்டர் தாமதிக்கவில்லை. ஸ்டீராய்டு ஊசி, சேலைன், சர்க்கரைத் தண்ணீர், ஆம்புலன்ஸ். உயிர் பிழைத்தது.

நடந்தது என்ன? சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் போட்டதுபோல் ஒரு சுரப்பி உண்டு, அட்ரினல் என்று பெயர். நோயையும் நோன்பையும் தாங்கும் ஹார்மோனை அதுதான் சுரக்கிறது. அந்த மூலிகைப் புட்டிக்குள் ஒளித்துக் கலந்திருந்தது ஸ்டீராய்டு. வலியை மறைத்ததும், முகத்தை உருட்டியதும், சர்க்கரையை ஏற்றியதும் அதுதான். தினம் வெளியிலிருந்து சாப்பாடு வந்தால் வீட்டில் அடுப்பு எரியுமா? சுரப்பி அடுப்பை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டது. திடீரென்று வெளிச்சாப்பாடும் நின்றது. உடம்பு எதைக்கொண்டு தாங்கும்?

என்ன அங்கே? "அப்போ இன்னிக்கே தூக்கி லோங்காங்ல போட்டுட வேண்டியதுதான்லா." வேண்டாம் அம்மா, வேண்டவே வேண்டாம். சாக்கடையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால், பெரியநாயகி அம்மாளுக்கு வந்தது உங்களுக்கும் வரும். புட்டியோடு கிளினிக்குக்கு வாருங்கள். அளந்து தரும் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தூங்கிய சுரப்பியை எழுப்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் எழும்.

இன்னொரு குரல் கேட்கிறது. "யாரு டிரஸ்ஸர் அதை வித்தது?" கேட்பீர்கள் என்று தெரியும். எனக்கும் அதுதான் சந்தேகமாக இருந்தது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் தேடினேன், கடை கடையாக விசாரித்தேன். ஒரு வாரம் கழித்து என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் அதே புட்டி ஒரு பெட்டி நிறைய இருந்தது. விற்றவள் என் மனைவி ஜெயமணி.

அமைதி, அமைதி. அவளும் அறியாமல் விற்றாள். தன் முட்டிக்குத் தின்றாள், வலி போனது, நாலு பேருக்கு நல்லது என்று வாட்ஸ்அப் குழு வைத்து விற்றாள். அவள் முகமும் உருண்டிருந்தது. நான் ஒரே கூரையின்கீழ் இருந்து, என் வீட்டுச் சாப்பாட்டின் பெருமை என்று நினைத்தேன். ஊரெல்லாம் சந்தேகித்தவன் உள்வீட்டில் குருடனாக இருந்தேன். பவானேஸ்வரி தங்கையே, உன் சொல்லைத் தள்ளியதற்கும், உன்மேல் பழி விழுந்தபோது வாய்மூடி நின்றதற்கும், இந்தச் சபையறிய உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜெயமணி அழுதுகொண்டு வீடுவீடாகப் போனாள். அந்தக் குழுவில் இருபத்து மூவர். பதினெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஐந்து பேர் வரவில்லை. கதவைத் திறக்கவில்லை, போனை எடுக்கவில்லை. அந்த ஐவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களில் இருவர் இவ்வாண்டு பால்குடத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். விரதம் தொடங்க இன்னும் ஆறே நாள். தாயே, விரதம் இருக்கலாமா, எப்படி இருக்கலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்வோம். ஆனால் அந்தப் புட்டியை மட்டும் நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

இந்த ஹார்மோனுக்கான ரத்தத்தைக் காலையில்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் இந்த அதிகாலைக் கூட்டம். மண்டபத்தின் பின்னே பாலர் வகுப்பறையில் திரை கட்டி டாக்டர் மரீஹா அமர்ந்திருக்கிறார். ஐந்து பேர் மட்டும் எழுந்து போனால் ஊர் திரும்பிப் பார்க்கும், நாளைக்கு வாய்க்கு வந்தபடி பேசும். அந்த அச்சத்தில்தானே அவர்கள் வரவில்லை? ஆகவே உங்கள் எல்லாரிடமும் கையேந்திக் கேட்கிறேன். எல்லாரும் எழுந்திருங்கள். ஆணும் பெண்ணும், வலி உள்ளவரும் இல்லாதவரும், தலைவரும் செயலாளரும், ஒருவர் விடாமல் அந்தத் திரைக்குள் போய் ரத்த அழுத்தம் பார்த்து வாருங்கள். யாருக்கு ரத்தம் எடுத்தார்கள், யார் கையில் புட்டி இருந்தது என்று எவருக்கும் தெரிய வேண்டாம்.

இடம் தந்த ஆலயத்தாருக்கும், பொறுமை காத்த பெரியோர்க்கும், பழி சுமந்தும் அத்தையைக் காத்த பவானேஸ்வரிக்கும் என் நன்றி. ஜெயமணி, நீ முதலில் எழுந்திரு. அவளுக்குப் பின்னால் ஊரே எழட்டும். அந்த ஐவரும் உங்கள் நடுவே நடந்து வரட்டும். வணக்கம்.