சைரன் அடித்தால் வரும் போன்

"…சைரன் அடிச்சா எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்க்கா," என்றார், ஆலன் நகரத்து இந்தியக் கடையில், பணம் கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண். வெளியே வானம் கறுத்திருந்தது.

கூட வந்தவர் முறைத்தார். "டொர்னேடோ சுழல்காத்துன்னா ஊருக்கே திண்டாட்டம். உனக்கு மட்டும் கொண்டாட்டமாடி?"

"எங்க வீட்ல சாமி ரூம் ஆக்கின துணி க்ளாசெட்லதான் ஜன்னல் இல்ல, அதான் பாதுகாப்பு. பையன் இங்க இருந்தப்ப, வார்னிங் வந்தா நானும் அவனும் ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, சாமி படத்துக்குக் கீழ ஒட்டி உக்காந்திருப்போம். மத்த நாள்ல அவன் ரூம் கதவே திறக்காது. இப்ப அவனுக்கு நியூ ஜெர்சில வேலை. ஆனா போன்ல ஆலன் அலர்ட்டை இன்னும் ஆஃப் பண்ணல. வார்னிங் வந்தாத்தான் கூப்பிடறான்."

அந்நேரம் கடையில் எல்லார் போனிலும் வார்னிங் ஒன்றாக அலறியது. கடைக்காரர் எங்களைக் கண்ணாடிச் சுவரை விட்டு உள்ளறைக்கு வரச் சொன்னார்.

அந்தப் பெண் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மற்றொரு கையில் இருந்த போனை, மணி அடிக்கும் முன்பே காதில் வைத்துக்கொண்டார்.