கிள்ளுக்கல்

மலை இருந்தது, ஆறு இருந்தது, அணைக்கட்டு மட்டும் இல்லை. அப்பேர்ப்பட்ட காலத்தில் பாறைக்குளம் என்று ஒரு ஊர் இருந்ததாம். ஊர் ஒண்ணு, குடியிருப்பு ரெண்டு. மலையை ஒட்டி மேலூர். ஆறு கொஞ்சம் சமவெளிக்கு இறங்கின இடத்தில் கீழூர். மேலூர்க்காரன் தும்மினால் கீழூர்க்காரனுக்குக் கேட்குமாம், அவ்வளவு பக்கம்.

அந்த ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தது. இதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், கதை முழுக்க இதில்தான் நிற்கிறது. ஊர்க்கூட்டம் நடக்கும். ஒருத்தருக்குச் சம்மதம் இல்லை என்றால் சண்டை போட மாட்டார், சத்தம் போட மாட்டார். எழுந்திரிப்பார். தோள் துண்டை எடுத்து ஒரு உதறு உதறுவார். திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்துப் போய்விடுவார். அவ்வளவுதான், பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். எதிராளி அவர் வீட்டுக்கு நடந்து போகவேண்டும். அவர் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிக்கவேண்டும். "வாரும், பேசித் தீத்துக்கிடுவோம்" என்று கூப்பிடவேண்டும். அவர் திரும்பி வந்து உட்கார்ந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. வராத வரைக்கும் ஊரில் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாதாம்.

அந்த ஊரில் முப்பிடாதி என்று ஒரு பெண் இருந்தாள். கீழூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். பயம் என்றால் அப்படி ஒரு பயம். இடி இடித்தால் பயம், நாய் குரைத்தால் பயம், மாமனார் செருமினால் பயம். கேலி பேசுகிற மதினிமார், "ஏளா முப்பிடாதி, உன் நிழலு பின்னாடியே வருது பாரு" என்பார்களாம். அவளும் திரும்பிப் பார்ப்பாளாம்.

அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே போய்விட்டான். பிறந்த பிள்ளைக்குக் கொம்பையா என்று பெயர் வைத்தார்கள். அப்பன் விட்டுப்போனது ஆற்றோரம் ஒரு துண்டு வயக்காடும், அதில் ஒரு கிணறும். அது பிள்ளை பெயருக்கு வந்தது. அந்த வயக்காடு இருந்ததால்தான் அவள் அந்த வீட்டில் இருந்தாள். அது போனால் பிறந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே அண்ணன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையைக் கூலிக்கு மாடு மேய்க்க விட்டு வளர்க்கவேண்டும். அது அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் சர்க்கார் அணை கட்ட வந்தது.

முதலில் மேலூருக்குத் தமுக்கு அடித்தார்கள். நிலம் எடுக்கப் போகிறோம், அதிகாரி வருகிறார், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று. மேலூர்க்காரர்கள் போனார்கள். அதிகாரி என்னமோ வாசித்தார். கேட்டார்கள். எல்லாரும் எழுந்தார்கள், துண்டை உதறினார்கள், வீட்டுக்குப் போய்விட்டார்கள். போய், அதிகாரி வந்து தண்ணீர் கேட்பார் என்று சொம்பைக் கழுவி வைத்துவிட்டுக் காத்திருந்தார்களாம்.

யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் மண்வெட்டியும் கூடையுமாக ஆட்கள் வந்தார்கள்.

"எங்க வே வந்தீய? நாங்கதான் துண்டை உதறிட்டோமே!"

"உதறினா நல்லதுதானவே, தூசி போயிருக்கும். தள்ளி நில்லும்."

மேலூர் அழுதது. அதைக் கேட்டு கீழூர் என்ன சொன்னது தெரியுமா? "மேலூர்க்காரன் சரியா உதறிருக்க மாட்டான்" என்று சொன்னது. "அவன் துண்டு கந்தல், சத்தமே வந்திருக்காது" என்று சொன்னது. சிரித்தார்கள்.

சிரித்த வாய் மூடுவதற்குள் கீழூருக்கும் தமுக்கு வந்தது. அணைக் கரையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் போட்டால் தண்ணீர் கூடுதலாகத் தேங்குமாம். நிலம் உள்ளவர்கள் எல்லாரும் குளத்தங்கரை மருதமரத்தடிக்கு வரவேண்டுமாம்.

முப்பிடாதி மாமியாரிடம் கேட்டாள். "அத்தை, நிலத்துக்காரன்னா யாரு போணும்?"

"யாரு பேருல இருக்கோ அவன் போணும்."

"நம்மள்ல யாரு?"

மாமியார் தொட்டிலைக் காட்டினாள். "அந்தா கிடக்கான் நிலத்துக்காரன். தூக்கிட்டுப் போ. பெரியவங்க பேசுவாங்க, நீ ஓரமா உக்காந்துட்டு வா."

நிலத்துக்காரன் இடுப்பில் ஏறிக்கொண்டான். வாயில் விரல். முப்பிடாதி சுவரோரமாகவே நடந்து குளத்தங்கரைக்குப் போனாள். மருதமரத்தடியில் ஒரு பட்டைக் கல் கிடந்தது. ஆண்கள் எல்லாம் முன்னால் இருந்தார்கள். அவள் அந்தக் கல்லில் ஒடுங்கி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதிகாரி நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் எழுதுகிற குமாஸ்தா. பின்னால் தடியோடு ஒரு சேவகன். அதிகாரி வாசித்து முடித்துவிட்டுக் கேட்டார். "உங்களுக்கு எங்கே குடியிருப்பு வேணும்? ரோட்டுக்குத் தெற்கேயா, வடக்கேயா? தாராளமா சொல்லுங்க. உங்க கருத்தைக் கேக்கத்தான் வந்திருக்கேன்."

ஊர்ப்பெரியவர் மந்திரமூர்த்தி எழுந்தார். "ஐயா, தெக்கயா வடக்கயான்னு கேக்கீய. நிலத்தைத் தருவியளா மாட்டியளான்னு கேக்கலையே?"

"அது மேலே முடிவானது பெரியவரே. இது பொது நன்மை."

"மேலேன்னா எங்க? மலை மேலயா?"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். நல்ல மனுஷர்தானாம், கோபமே வராதாம். "தெற்கேயா, வடக்கேயா?" என்று திரும்பவும் கேட்டார்.

ஒருத்தர் தன் கிணற்றைச் சொன்னார். ஒருத்தர் தன் பனைகளைச் சொன்னார். ஒருத்தர் தன் அப்பனைப் புதைத்த இடத்தைச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அதிகாரி தலையை ஆட்டினார். "சரி, சரி. தெற்கேயா, வடக்கேயா?"

மந்திரமூர்த்திக்கு முகம் கறுத்தது. தோளில் இருந்து துண்டை எடுத்தார். ஓங்கி ஒரு உதறு. கீழூர் மொத்தமும் எழுந்தது. மொத்தத் துண்டும் உதறினது. குளத்தில் இருந்த கொக்கெல்லாம் அந்தச் சத்தத்தில் பறந்துவிட்டதாம். மேலூருக்கும் கேட்கட்டும் என்று உதறினார்களாம். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள்.

முப்பிடாதியும் எழுந்திரிக்கத்தான் பார்த்தாள். எனக்கு இந்தக் கதையைச் சொன்ன என் மாமியார் இதை அழுத்திச் சொல்வாங்க. எழுந்திரிக்கத்தான் பார்த்தாள். கால் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்ததாம். பயத்தில் கால் கழன்றுவிட்டது. அவள் வீம்பாக உட்கார்ந்தாள், தைரியமாக உட்கார்ந்தாள் என்று வெளியூரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எழுந்திரிக்க முடியாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

மரத்தடி காலியானது. அதிகாரி சோம்பல் முறித்தார். "எழுதிக்கோ" என்றார் குமாஸ்தாவிடம். "எல்லாருக்கும் விளக்கிச் சொல்லப்பட்டது. கடைசியில் மறுப்புச் சொல்ல யாரும் இல்லை."

"மேலூருக்கு எழுதின மாதிரியேங்களா?"

"அதே மாதிரிதான். அங்கேயும் இப்படித்தானே, துணியைத் தட்டிவிட்டு எழுந்து போனாங்க. நமக்கும் சௌகரியம்."

முப்பிடாதிக்குக் காது அடைத்துத் திறந்தது. மேலூர் எப்படிப் போனது என்று அந்த நிமிஷம்தான் ஊரில் ஒரு உயிருக்குப் புரிந்தது. துண்டு கந்தலானதால் இல்லை. எழுந்து போனதால். இங்கே எழுந்து போனவன் சம்மதித்தவன். போன ஆண்கள் எல்லாரும் இப்போது சொம்பைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அதிகாரி கூப்பிட வருவார் என்று காத்திருப்பார்கள். யாரும் வரப்போவதில்லை.

குமாஸ்தா அவளைப் பார்த்துவிட்டார். "ஐயா, ஒரு பொம்பளை இருக்கா."

அதிகாரி திரும்பினார். "என்னம்மா? ஏதாவது சொல்லணுமா?"

வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. இல்லை, சம்மதம் இல்லை, அவ்வளவுதான் சொல்லவேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஓடிப்போய் ஊரைக் கூப்பிடலாம் என்றால் கால் இல்லை. கால் இருந்தாலும் போகக்கூடாது. இந்தக் கல்லை விட்டு எழுந்துவிட்டால் அப்புறம் நிஜமாகவே யாரும் இல்லை.

"பயப்படாதேம்மா" என்றார் அதிகாரி, ரொம்பப் பிரியமாக. "பிள்ளைக்குப் பசிக்கும். வீட்டுக்குப் போ." அந்தப் பிரியம்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்ததாம். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை போல" என்றார் அவர். "வண்டியைப் பூட்டச் சொல்லு."

சேவகன் போய் மாட்டை அவிழ்த்தான். குமாஸ்தா மைக்கூட்டை மூடினார். வண்டி அந்த இடத்தை விட்டுப் போய்விட்டால் கிணறு போனது, வயல் போனது, வீடு போனது. மடியில் கிடக்கிற நிலத்துக்காரன் மாடு மேய்க்கப் போகவேண்டியதுதான்.

குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். தனக்குக் குரல் இல்லை. இவனுக்கு இருக்கிறது. இவன் அழுதால் மூன்று தெருவுக்குக் கேட்கும், அப்படி ஒரு தொண்டை.

தொடையில் கிள்ளினாள்.

கொம்பையா சிரித்தான்.

அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டான். பொக்கை வாயைத் திறந்து, காலை உதைத்து, இன்னொரு தடவை என்கிற மாதிரி சிரித்தான். வண்டி மாட்டின் மணிச்சத்தம் கேட்டது. இன்னொரு தடவை கிள்ளினாள். அதற்கும் சிரித்தான். அவளுக்குக் கண் தெரியவில்லை. தண்ணீர் மறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, ரெண்டு நகமும் சதைக்குள் இறங்குகிற மாதிரி பிடித்தாள். விடவில்லை. பிள்ளையின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் முகத்தையே பார்த்தான். நீயா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அப்புறம்தான் அழுதான்.

அப்படி ஒரு அழுகையை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லையாம். அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "ஏம்மா, பிள்ளையை அமர்த்தும்மா!" அவள் அமர்த்தவில்லை. பால் கொடுக்கவில்லை, தோளில் போடவில்லை, தட்டவில்லை. மாரில் பால் சுரந்து சேலை நனைந்ததாம். அப்போதும் விடவில்லை.

முதலில் வந்தவள் மாமியார். கையெல்லாம் மாவு. "ஏட்டி! பிள்ளையை என்னடி செஞ்ச?" அவள் பின்னால் பக்கத்து வீட்டுக்காரி. அவள் பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும். பாம்பு கடித்துவிட்டதோ என்று விழுந்தடித்து வந்தார்கள்.

மாமியாரைப் பார்த்ததும் முப்பிடாதிக்கு நாக்கு அவிழ்ந்தது. "அத்தை, உக்காருங்க. எல்லாரும் உக்காருங்க. எந்திரிச்சுப் போனா சம்மதம்னு எழுதிக்கிடுதாவ. மேலூர் அப்படித்தான் போச்சு. உக்காருங்கத்தை."

மாமியார் பிள்ளையின் தொடையைப் பார்த்தாள். ரத்தம். மருமகள் நகத்தைப் பார்த்தாள். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். பெண்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். உதற அவர்களிடம் துண்டா இருக்கிறது? உட்காரத்தான் தெரியும்.

"எழுதும் ஐயா" என்றாள் மாமியார். "எனக்குச் சம்மதம் இல்லை."

"எனக்கும் சம்மதம் இல்லை" என்றாள் அடுத்தவள். அதற்கு அடுத்தவளும் அதையே சொன்னாள். பெண்டாட்டியைத் தேடி வந்த ஆண்கள் ஒவ்வொருத்தராக, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். மந்திரமூர்த்தி கடைசியாக வந்தார். "எனக்கும் இல்லை" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. குமாஸ்தா மைக்கூட்டைத் திறந்து, கை வலிக்க வலிக்க எழுதினாராம். அதிகாரி வண்டி ஏறும் வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கவில்லை.

அணை வந்தது. மேலூர் தண்ணீருக்குள் போனது. கோடையில் மேலூர்க் கோயில் முகப்பு இப்போதும் வெளியே தெரியும். கரை கீழூரைத் தொடாமல் மேலேயே நின்றுவிட்டது. அது முப்பிடாதியாலா, இல்லை தோண்டிப் பார்த்த இடத்தில் பாறை சரியில்லையா, யாருக்கும் தெரியாது. ஊர் முப்பிடாதி என்றுதான் சொல்கிறது. கொம்பையா தொடையில் அந்த ரெண்டு நகத்தடம் கிழவனாகிச் சாகிற வரைக்கும் இருந்தது. வேட்டியை ஒதுக்கி எல்லாருக்கும் காட்டுவாராம். முப்பிடாதி மட்டும் அதைப் பார்க்க மாட்டாளாம். சின்ன வயசில் அவனைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றுவாளாம்.

அந்தக் கல்லுக்குத்தான் கிள்ளுக்கல் என்று பெயர். மருதமரம் போய்விட்டது, கல் இருக்கிறது. நிலத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கிறோம் என்று சர்க்காரில் இருந்து யார் வந்தாலும், கீழூரில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி முதலில் வந்து அந்தக் கல்லில் உட்காரவேண்டும். அன்றைக்கு எந்த ஆணும் தோளில் துண்டு போடக்கூடாது. அவள் எழுந்திரிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக்கூடாது. பிள்ளை அழுதால் அமர்த்தக்கூடாது. அழுகை கேட்டால் கேட்டவர்கள் எல்லாரும் வந்து உட்காரவேண்டும். தமுக்கு அடித்த நாளில் இருந்து கூட்டம் முடிகிற வரைக்கும் அந்தத் தாய் நகம் வெட்டக்கூடாது. இந்தக் கதையை மருமகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் சொல்வார்கள்.

இப்போது தமுக்கு இல்லை, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். தொழிற்பேட்டை வருகிறதாம். புதன்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம். ஊரில் முக்கால்வாசிப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிற வீடு எங்கள் வீடு ஒன்றுதான். மாமியார் என் மகனைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே சொன்னாங்க, "இந்தத் தடவை நிலத்துக்காரன் நம்ம வீட்டுலதான்."

எனக்கு நகம் வளர்ந்துவிட்டது. என் மகன் கொம்பையாவின் வம்சம். யார் தொட்டாலும் சிரிக்கிறான்.