ஏஞ்சலுக்கு வாங்கின கதவு

—காலைல கம்பெனி பஸ்ஸு ஏறச்சொல்ல இந்த செவுத்துல தான சாத்தி வெச்சிருந்தேன். எங்கயா கதவு?

—மொதல்ல மூஞ்சி கழுவிக்கினு வா சுகிர்தா. அடுப்புல டீ கீது.

—டீ கெடக்கட்டும். கொத்தனாரு மாட்டிட்டுப் போயிருப்பாரு, கண்ணாலப் பாக்கலாம்னு ஓடியாறேன். பாத்ரூமுல கதவு நெல மட்டும் நிக்குது. அதே பழைய பொடவ தொங்கிக்கினு கீது. கொத்தனாரு வரலியா?

—வந்தாரு. நான் தான் திருப்பி அனுப்பிட்டேன்.

—இன்னாத்துக்கு?

—கதவு இல்லியே. அவரு இன்னாத்த மாட்டுவாரு?

—யோவ், வெளாடாத. கிறிஸ்மஸுக்கு வர ஏஞ்சலு இன்னும் செத்த நேரத்துல பஸ்ஸு ஏறிடும்.

—வெளாடலம்மா. மோகனு வந்திருந்தான். மானாம்பதில அவன் கட்டிக்கினு கீற வூட்ட நாளைக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க பாக்க வராங்களாம். எல்லாம் முடிச்சிட்டான், பாத்ரூமுக்கு மட்டும் கதவு இல்லன்னு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நின்னான். எனக்கு மனசு கேக்கல. எடுத்துக்கினு போடா தம்பின்னுட்டேன். ஸ்தோத்திரம், அவன் மூஞ்சில அப்பிடி ஒரு சந்தோசம்.

—மோகனுக்கா குடுத்த?

—ஆமா.

—பாத்ரூம ஒட்டி இந்த சாய்ப்புக் கொட்டாயில படுத்துக்கினு இருந்தானே, அந்த மோகனுக்கு?

—அவனுக்குத் தான். வேற யாரு கீறாங்க அவனுக்கு? ஏரிக்கரைல குடிச்சிட்டு வுழுந்து கெடந்தவன நாம தான தூக்கியாந்தோம். நாலு வருசம் சோறு போட்டோம். இன்னிக்குக் குடிய வுட்டு, ஞானஸ்நானம் எடுத்து, கல்யாணம் வரைக்கும் வந்துட்டான். ஒரு கதவுல இன்னா வந்துச்சு?

—தூக்கியாந்தது நீ. சோறு போட்டது நானு. அத வுடு. அந்தக் கதவ யாரு வாங்கினது?

—நீ தான்.

—தீவாளிக்குக் கம்பெனில போனஸ் குடுத்தப்ப எல்லாப் பொம்பளைங்களும் பொடவ எடுத்தாளுங்க. நான் காஞ்சிபுரம் போயி கதவு வாங்கியாந்தேன். நீலக் கலரு தான் வேணும்னு அந்தப் பொண்ணு போன்ல சொல்லுச்சு. உள்பக்கம் ரெண்டு தாப்பா வெச்சுக் குடுய்யான்னு கடக்காரன் உயிர எடுத்தேன். பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னான் கண்டக்டரு. அவன் கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, வழியெல்லாம் அதக் கட்டிப் புடிச்சுக்கினு நின்னுக்கினே வந்தேன்.

—தெரியும்மா. கஷ்டம் தான். ஆனா யோசிச்சுப் பாரு, நீ கல்யாணம் ஆயி வந்த நாள்லேர்ந்து பொடவ மறப்புல தான குளிக்கிறோம். நமக்கு இன்னா கொற சொல்லு. அங்க நாளைக்கு வாழ வர்ற பொண்ணு...

—எவளோ ஒருத்தி மானத்துக்குக் கதவு. பெத்த பொண்ணு மானத்துக்குப் பொடவ. அப்பிடித் தான?

—அப்பிடிப் பேசாத. பொடவ நைஞ்சு போயிருந்தா நல்ல கெட்டிப் பொடவயா ஒண்ணு எடுத்துக் குடு. ஏஞ்சலு வர்றதுக்குள்ள நானே மாத்திக் கட்டிடறேன்.

—இன்னா கொற, இன்னா கொறன்னே எல்லாத்தயும் தூக்கிக் குடுத்த. பனில போத்திக்கிற என் கம்பளியக் குடுத்த, வாய மூடிக்கினு இருந்தேன். ஏஞ்சலு சைக்கிளக் குடுத்த, அது பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போச்சு. நம்ம சபை மூப்பரு சம்சாரத்துக்குப் போதும்ன்ற மனசுன்னு பாஸ்டரு மைக்ல சொல்லச்சொல்ல எனக்கும் குளுந்து தான் போச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா இந்தக் கதவு உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. அது ஏஞ்சலுது.

—ஏஞ்சலு ஒண்ணும் சொல்லாது. என் பொண்ணு அது. சொன்னா சரிப்பான்னிடும்.

—ஈஸ்டருக்கு வந்துட்டு மக்யா நாளே ஓடுச்சே உன் பொண்ணு, அப்பறம் இந்தப் பக்கம் வந்துச்சா? ஏனாத்தூரு காலேஜு இன்னா சீமையிலயா கீது? அறுப்புப் பண்டிகைக்கு வரல. காலேஜு லீவு வுட்டும் ஹாஸ்டல்லயே கெடந்துச்சு. ஏன்னு ஒரு நாளாவது கேட்டியா?

—படிக்கிற பொண்ணு, பரீட்ச கிரீட்ச இருக்கும். நான் தெனம் அதுக்காக முட்டி போட்டு ஜெபம் பண்றேன் சுகிர்தா.

—இரு, போனு அடிக்குது. ஏஞ்சலு தான். நீ வாயத் தொறக்காத... சொல்லு கண்ணு. எங்க கீற?

—காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டும்மா. உத்திரமேரூர் பஸ்ஸு நிக்குது, ஏறப் போறேன். அம்மா, கதவு மாட்டியாச்சா?

—நீ வா கண்ணு.

—மாட்டியாச்சான்னு கேட்டேன். மாட்டலன்னா சொல்லிடும்மா, நான் ஹாஸ்டலுக்கே திரும்பிடறேன். இங்க நாலு பொண்ணுங்க ஊருக்குப் போகாம தான் இருக்காங்க.

—மாட்டியாச்சு, மாட்டியாச்சு.

—தாப்பா உள்ள தான கீது? நல்லா வுழுதா?

—நல்லா வுழுது. நீ ஏறு கண்ணு, எடம் போயிடப் போவுது. வெக்கிறேன்.

—இன்னாம்மா இது சுகிர்தா? கிறிஸ்மஸ் அதுவுமா, பெத்த பொண்ணு கிட்ட கொஞ்சம் கூட கூசாம பொய் சொல்றியே.

—ஆமாயா, பொய் தான். நெசத்த உன் கிட்ட சொல்றேன், கேட்டுக்கோ. ஈஸ்டர்லேர்ந்து நெஞ்சுல வெச்சுக்கினு வெந்துக்கினு கீறேன். அன்னிக்குக் கோயிலுக்குக் கெளம்ப அது தல குளிச்சுக்கினு இருக்கச்சொல்ல, பொடவ ஓரத்த வெலக்கிக்கினு ஒரு கண்ணு. பொண்ணு பாத்துடுச்சு. கத்தக் கூட வாயி வரல அதுக்கு. நான் போயி கூப்புட்ற வரைக்கும் ஈரத் துணியச் சுத்திக்கினு உள்ளயே குந்திக்கினு கெடந்துச்சு. யாரு கண்ணுன்னு கேளு.

—சுகிர்தா...

—மோகனு. நீ தூக்கியாந்து படுக்க வெச்ச மோகனு. அவன் சாய்ப்புக்கும் நம்ம பாத்ரூமுக்கும் நடுவுல அந்தப் பொடவ தான இருந்துச்சு? வெளிய சொல்லாதடி, அப்பா தாங்க மாட்டாரு, சபைல அவருக்குப் பேரு கீது, நீ தான் ஜாக்கிரதயா இருந்திருக்கணும்னு நான் பொண்ணத் தான் திட்டினேன். பாவி நானு. கதவு ஒண்ணு போட்டுட்டா எம்பொண்ணு பழையபடி வூட்டுக்கு வந்துடும்னு நெனச்சேன்யா. அவன் கண்ணு படக்கூடாதுன்னு வாங்கின கதவ நீ அவனுக்கே கட்டி அனுப்பிட்டு வந்து நிக்கற.

—அழாத சுகிர்தா.

—இன்னாயா நீ, தலயக் குனிஞ்சுக்கினு குந்தியிருக்க? கோவம் வரலியா உனக்கு? எழுந்து போயி அவன் சட்டயப் புடிக்கத் தோணலியா? நெசமா பொய்யான்னாவது கேளேன். ஏன் ஒண்ணுமே கேக்க மாட்டன்ற?

—கேக்கறதுக்கு இன்னா கீது.

—இன்னா சொல்ற?

—எனக்குத் தெரியும்.

—இன்னா தெரியும்?

—மோகனே சொல்ட்டான். ஞானஸ்நானம் எடுக்கறதுக்கு மின்னாடி மூப்பருன்னு என் கிட்ட வந்து பாவத்த அறிக்க பண்ணணும் இல்ல, அன்னிக்கு. என் காலப் புடிச்சுக்கினு கொழந்த மாதிரி அழுதான். அண்ணா, நான் மனுசனே இல்ல, என்னத் தொரத்திடுன்னான். எனக்கும் வயிறு எரிஞ்சுது. ஆனா தொரத்திட்டா திரும்பக் குடிக்கப் பூடுவான். ஒரு ஆத்துமா அழிஞ்சிடும். ராத்திரி பூரா ஜெபம் பண்ணேன். காலைல அவனக் கூப்புட்டு மன்னிச்சிட்டேன்டான்னு சொல்ட்டேன். மன்னிச்சதத் திரும்பக் கிளறக் கூடாதுன்னு தான் உன் கிட்ட கூட சொல்லல.

—அவன் ஞானஸ்நானத்துக்கு இந்த வூட்ல தான பிரியாணி ஆக்கினோம்.

—ஆமா.

—உனக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவியேன்னு பல்லக் கடிச்சுக்கினு ஆக்கினேன். அவனுக்கு என் கையால ரெண்டாவது வாட்டி வெச்சேன். நீ தெரிஞ்சுக்கினே அவன் பக்கத்துல குந்தித் துன்ன.

—அவன் திருந்திட்டான்மா. திருந்தினவனுக்கு நாம கை குடுக்கலன்னா வேற யாரு குடுப்பாங்க?

—ஏஞ்சலு கிட்ட ஒரு வார்த்த பேசினியா?

—பொண்ணு ஆச்சே, அது கிட்ட எப்பிடிப் பேசறது? சங்கடமா இருக்காதா... பையில இன்னா எடுத்து வெக்கற? சுகிர்தா, இந்தா, போன வெய்யி. யாருக்குப் போடற?

—ஏஞ்சலு, பஸ்ஸு கெளம்பிடுச்சா?

—கெளம்பிடுச்சும்மா, ஓரிக்கை கிட்ட வந்துட்டேன். சன்னலோரம் சீட்டு கெடச்சுது. அப்பாவுக்குப் புடிக்குமேன்னு பிளம் கேக்கு வாங்கியிருக்கேன்.

—அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கோ கண்ணு. அங்கயே நில்லு, அம்மா வரேன். நாம ரெண்டு பேரும் சுதா சித்தி வூட்டுக்குப் போயிடலாம்.

—ஏம்மா? கதவு மாட்டலியா?

—இல்ல கண்ணு. அம்மா பொய் சொல்ட்டேன்.

—அம்மா... அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சா?

—தெரியும்.

—திட்றாராம்மா?

—திட்டல. மன்னிச்சிட்டாராம்.

—என்னயா மன்னிச்சாரு? நான் இன்னாம்மா பண்ணேன்?