சந்தனம் வைத்த சிந்தசைசர்

தாமரைச்செல்வி: காலை எடுங்க மாமா. ஒயர் தடுக்கினா மானம் போயிடும்.

நவநீதன்: மெதுவா பேசு செல்வி. ஜவஹர் அலி பாய் நளன் குளம் வரைக்கும் வந்துட்டாராம். அங்க கூட்டமாம். பத்து நிமிசம்.

தாமரைச்செல்வி: போதும். ஒருதரம் சொல்லிப் பாத்துக்கலாம். அவரோட சிந்தசைசர் முன்னாடி நின்னு நீங்க கட்டையை அழுத்துறீங்க. அது ஊமை. நான் பின்னாடி மேசையில லேப்டாப்போட உக்காந்திருக்கேன். சத்தம் என்கிட்டேருந்து உங்க ஸ்டுடியோ ஸ்பீக்கருக்குப் போகுது.

நவநீதன்: நீ யாருன்னு கேட்டா?

தாமரைச்செல்வி: உங்க கொழுந்தியா, வேற யாரு? பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் நடத்துறா, வினாத்தாள் அடிச்சிக்கிட்டிருக்கான்னு சொல்லுங்க.

நவநீதன்: சிரிக்காத.

தாமரைச்செல்வி: சிரிக்கலையே... போன வருசம் காரைக்கால்ல இசை ரசிகர் கூட்டத்துல பேசினீங்களே, என்னது அது? கம்ப்யூட்டர் சத்தம்...

நவநீதன்: இப்ப எதுக்கு அது.

தாமரைச்செல்வி: 'கம்ப்யூட்டர் சத்தம் ஐஸ்ல வச்ச மீன். அனலாக் சத்தம் கருக்களாச்சேரிக் கரையில துள்ளுற மீன்.' நான்கூட கை தட்டினேன்.

நவநீதன்: தெரியாமப் பேசல. நெஜமான மின்சாரம் ஓடுற சத்தத்துல ஒரு ஈரம் இருக்கும்.

தாமரைச்செல்வி: இருந்துச்சே. சந்தனத்துல.

நவநீதன்: குத்திக் காட்டாத செல்வி.

தாமரைச்செல்வி: சரி, கோவிச்சுக்காதீங்க. ஆனா ஒண்ணு எனக்குப் புரியல. பாய் பாரிஸ்லேருந்து கொண்டாந்து உங்ககிட்ட விட்டு மூணு வருசம். நீங்க ஆயுதபூஜையில அதைக் குளிப்பாட்டி ஏழு மாசம். நடுவுல நல்லாத்தானே பாடிக்கிட்டிருந்துச்சு? அதை ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தா எனக்கு வேலை பாதியாயிருக்கும்.

நவநீதன்: வந்து... ஆன் பண்ணல.

தாமரைச்செல்வி: எப்ப?

நவநீதன்: எப்பவுமே. எனக்கு ஏழரை நடந்துச்சு செல்வி. திருநள்ளாத்துல குடியிருந்துக்கிட்டு அதைப் பாக்காம இருக்க முடியுமா? பெயர்ச்சி முடியட்டும்னு துணி போட்டு மூடி வச்சேன். முடிஞ்சதும் ஆயுதபூஜையில நல்ல நேரம் பாத்து, சந்தனத்தைப் பன்னீர்ல குழைச்சு, நாப்பத்திரண்டு திருகு நாபுக்கும் ஒவ்வொரு பொட்டா வச்சு, குங்குமம் வச்சு, சுவிட்சைப் போட்டா... பேச்சு மூச்சு இல்ல.

தாமரைச்செல்வி: அப்ப 'அனலாக் ஒலியில் சனி பகவான் பாமாலை'ன்னு உங்க பாட்டு சிடி அட்டையில போட்டீங்களே?

நவநீதன்: அது என் பழைய கீபோர்டு.

தாமரைச்செல்வி: ஆக, அந்தத் துள்ளுற மீனை நீங்க கேட்டதே இல்ல.

நவநீதன்: இன்டர்நெட்ல கேட்டிருக்கேன்.

தாமரைச்செல்வி: நானும் அங்கதான் கேட்டேன். கேட்டுக் கேட்டுத்தான் இலவச சாஃப்ட்வேர் ஒண்ணுல அதைத் திரும்பக் கட்டினேன். சத்தம் பொறக்குறதுக்கு மூணு ஆசிலேட்டர், அதை மழுங்க வைக்க ஒரு ஃபில்டர், ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு ஒயர். எல்லாம் திரையில இழுக்குற ஒயர்தான். மொதல்ல பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி சுத்தபத்தமா வந்துச்சு. அப்புறம் மூணையும் ஒரு துளி சுருதி விலக்கி விட்டேன். சாயங்காலம் லோ வோல்டேஜ்ல ஃபேன் இழுத்து இழுத்துச் சுத்துமே, அந்த மாதிரி கொஞ்சம் இறங்கி ஏறட்டும்னு விட்டேன். அப்பதான் உயிர் வந்துச்சு.

நவநீதன்: நேத்துக் கேட்டப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சு... சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்.

தாமரைச்செல்வி: சொல்லிட்டீங்க. இதே மாதிரி பாய்கிட்டயும் உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே? அன்னிக்கே என்னைத் தொறக்க விட்டிருந்தா ரிப்பேர் பண்ணியிருப்பேன்.

நவநீதன்: 'இது அமானிதம் தம்பி, உங்கள நம்பி ஒப்படைக்கிறேன், மூடியை மட்டும் யாரும் தொறக்கக் கூடாது'ன்னு கையைப் பிடிச்சுச் சொன்னாரு. பாரிஸ்ல இருபது வருசம் வாசிச்ச பொட்டி. ஞாயித்துக்கிழமை நாகூர் மண்டபத்துல அவரு பொண்ணு ஹஃப்ஸா கல்யாணம். அதுல வாசிக்கத்தான் எடுத்துட்டுப் போறாரு. நான் கெடுத்துட்டேன்னு எந்த வாயால சொல்றது? ஊர்ல எத்தனையோ பேரு இருக்க என்னை நம்பின மனுசன்.

தாமரைச்செல்வி: மண்டபத்துல அது ஊமையா நிக்குமே?

நவநீதன்: நாகூர் போற வழியில கீழவாஞ்சூர்ல நிலக்கரி லாரி ஓடி ஓடி ரோடு எப்படிக் கெடக்கு? அதுல குலுங்கிக் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவாரு.

தாமரைச்செல்வி: பெரிய திட்டந்தான்.

நவநீதன்: கார் நின்னுடுச்சு. நீ உக்காரு... வாங்க பாய், வாங்க.

ஜவஹர் அலி: நல்லாயிருக்கீங்களா தம்பி? இது யாரு?

நவநீதன்: என் கொழுந்தியா பாய், செல்வி. வினாத்தாள் அடிச்சிக்கிட்டிருக்கு.

ஜவஹர் அலி: அடிங்கம்மா, அடிங்க... பொட்டி பத்திரமா இருக்கா தம்பி?

நவநீதன்: உங்க அமானிதம் பாய். தூசி படல.

ஜவஹர் அலி: ரிப்பேரு கிப்பேரு ஏதாச்சும்... மூணு வருசமாச்சே. உப்புக் காத்து வேற. துருப்புடிச்சிருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

நவநீதன்: ஒரு குறையும் இல்ல பாய்.

ஜவஹர் அலி: ஒண்ணுமே இல்லையா...

நவநீதன்: நீங்களே கேளுங்களேன். செல்வி, உன் வேலையைப் பாரு.

தாமரைச்செல்வி: பாக்குறேன் மாமா.

நவநீதன்: எப்படி பாய் பாட்டு?

ஜவஹர் அலி: இது... இதுலேருந்தா வருது?

நவநீதன்: வேற எதுலேருந்து பாய்?

ஜவஹர் அலி: மூடியைத் தொறந்தீங்களா?

நவநீதன்: சத்தியமா இல்ல.

ஜவஹர் அலி: வேற யாராச்சும் தொறந்து, உள்ள எதையாவது வச்சு...

நவநீதன்: ஒருத்தரும் தொடல பாய்.

ஜவஹர் அலி: தம்பி... கையை எடுத்துட்டீங்க. இன்னும் பாடுது.

நவநீதன்: அது... அனலாக் இல்லையா பாய். கொஞ்சம் இழுவை இருக்கும்.

ஜவஹர் அலி: எனக்கு ஒரு மாதிரி வருது. ஒரு வாய் தண்ணி கொடுங்கம்மா.

தாமரைச்செல்வி: நான் எந்திரிச்சா சத்தம் நின்னுடும் பாய்.

நவநீதன்: செல்வி...

தாமரைச்செல்வி: போதும் மாமா. அவரு மொகம் வெளுத்துப் போச்சு. இந்தாங்க பாய், குடிங்க.

நவநீதன்: பாய்... நான் கெடுத்துட்டேன். பூஜை போடுறேன்னு சந்தனத்தை அப்பி ஈரம் உள்ள எறங்கிடுச்சு. ஏழு மாசமா ராத்திரி தூக்கம் இல்ல. இப்ப கேட்டது செல்வி கம்ப்யூட்டர்ல கட்டினது. அனலாக், ஆன்மான்னு ஊரெல்லாம் முழங்கினேனே... உங்க பொட்டி பாடி நான் ஒருநாளும் கேட்டதில்ல. என்ன வேணா திட்டிக்குங்க.

ஜவஹர் அலி: யா அல்லா... யா அல்லா...

நவநீதன்: பாய், அழுவுறீங்களா?

ஜவஹர் அலி: சிரிக்கிறேன் தம்பி. அல்லா காப்பாத்தினான். 'பாரிஸ் மாமா வாசிச்சே ஆகணும்'னு சம்பந்தி வீட்டுல நோட்டீஸே அடிச்சுட்டாங்க. நீங்க கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னுதான் வேண்டிக்கிட்டே வந்தேன். இங்க வந்தா அது பாடுது. எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு.

தாமரைச்செல்வி: இருபது வருசம் வாசிச்ச பொட்டி கெட்டுப்போகணும்னு யாராச்சும் வேண்டுவாங்களா பாய்?

ஜவஹர் அலி: அந்தக் கதவைச் சாத்திட்டு வாங்கம்மா, சொல்றேன்... உள்ள ஒண்ணுமே கெடையாது. வெறுங்கூடு. பழைய சாமான் சந்தையில அப்படித்தான் வாங்கினேன். பாரிஸ்ல நான் எங்கயும் வாசிக்கல தம்பி. கச்சேரி கேக்க வந்தவங்க காருக்கு டோக்கன் கிழிச்சுக் கொடுத்துக்கிட்டிருந்தேன்.